பல் முளைக்கும் குழந்தைக்கு எந்தக் கடிப்பான்? ஆறு மாதம் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில், கறிவேப்பிலை டப்பாவுக்குப் பக்கத்தில், மூடி போட்ட சிறிய எவர்சில்வர் சம்படம் ஒன்று ஆறு மாதமாக இருந்து வருகிறது. அதற்குள் இரண்டு சிலிகான் வளையங்களும், நான்காக மடித்து நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணி ஒன்றும் உள்ளன. என் மகளுக்கு ஈறு ஊறத் தொடங்கியது முதல், நாங்களாக வாங்கியவை, பரிசாக வந்தவை, மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்தவை என்று ஒரு கூடை நிறையப் பொருள்கள் சேர்ந்துவிட்டன. பதினோராம் மாதமான இன்று, அவற்றில் பயன்பாட்டில் எஞ்சியவை அந்தச் சம்படத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மற்றவை ஏன் கூடைக்குப் போயின என்பதைச் சொல்வதே இந்த மதிப்பீட்டின் நோக்கம். கடைகளில் ‘டீத்தர்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இங்கே நான் கடிப்பான் என்றே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே கூடில்லாத (அதாவது வெற்றிடம் இல்லாத), ஒட்டோ மூட்டோ இல்லாமல் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்ட, கொதிக்கும் நீரில் போட்டு எடுக்கக்கூடிய சிலிகான் வளையம் ஒன்று இருந்தால் போதும். நான் வாங்கியது 180 ரூபாய். கூடையில் கிடக்கும் பொருள்களின் மொத்த விலை அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல்.

நான்காம் மாத முடிவிலேயே அவள் முஷ்டியை வாய்க்குள் திணித்துக்கொள்ளவும், ஒரு நாளைக்கு ஆறேழு எச்சில் துணிகளை நனைக்கவும் தொடங்கிவிட்டாள். பல் வரப் போகிறது என்று நாங்கள் கடைக்கு ஓடினோம். உண்மையில் அந்த வயதில் எல்லாக் குழந்தைகளுக்குமே உமிழ்நீர் அதிகமாகச் சுரக்கும். அதை விழுங்கிச் சமாளிக்கத் தெரியாத காலம் அது என்பதால் ஒழுகும். பல் வந்தது ஆறரை மாதத்தில்தான். அதற்குச் சில நாள் முன்பு கீழ் ஈற்றின் நடுவே விரலை வைத்துத் தேய்த்தால் அரிசி முனை புதைந்திருப்பது போல ஒன்று தட்டுப்பட்டது. ஒரு நாள் காலையில் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டும்போது, எவர்சில்வர் கரண்டி கீழ்வாயில் பட்டு ‘டிக்’ என்று ஓர் ஒலி எழுந்தது. நான் மறுபடி மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். மறுபடியும் அதே ஒலி. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்த பல் அது.

வரிசை பெரும்பாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றுதான்: கீழ் நடுப்பற்கள் இரண்டு, பின்பு மேல் நடுப்பற்கள், பிறகு அவற்றின் இருபுறத்துப் பற்கள் என்று தொடங்கி, மூன்று வயது நிறைவதற்குள் 20 பால்பற்களும் வந்துவிடுகின்றன. ஆகவே கடிப்பான் என்பது ஒரு வாரத்துக்கான செலவன்று. விட்டு விட்டு இரண்டாண்டுக் காலம் தேவைப்படுகிற பொருள். அதனால்தான் அதைக் கழுவுவது எளிதா என்ற கேள்வி, அதன் நிறத்தையும் வடிவத்தையும்விட முக்கியமாகிறது. கடையில் நிற்கும்போது இது யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

முதலில் வாங்கியது, மலைக்கோட்டை அடிவாரக் கடைவீதியில், உள்ளே நீர் அடைத்த வளையம். நீல நிற நீருக்குள் சிறு மீன்கள் மிதக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இதன் சூத்திரம் எளியது. குளிர்ச்சி வீங்கிய ஈற்றின் இரத்த நாளங்களைச் சுருக்கி, அந்த இடத்தைச் சற்று மரத்துப்போகச் செய்கிறது. குழந்தை கடிப்பதால் உண்டாகும் எதிர் அழுத்தம், கீழிருந்து மேல்நோக்கி வரும் பல்லின் அழுத்தத்துக்கு ஈடு கொடுக்கிறது. நீர் நிறைந்த வளையம் குளிர்ச்சியை நெடுநேரம் பிடித்து வைக்கும் என்பதால், கோட்பாட்டளவில் இதுதான் சிறந்த கடிப்பானாக இருக்க வேண்டும். நடைமுறையில் இரண்டு சிக்கல்கள் எழுந்தன. ஒன்று எங்கள் தவறு: சீக்கிரம் குளிரட்டும் என்று வீட்டில் ஒருவர் அதை ஃப்ரீசரில் வைத்துவிட்டார். உறைந்த வளையம் கல் போல ஆகி, உதட்டில் பட்டவுடன் ஒட்டிக்கொண்டது. அவள் வீறிட்டு அழுதாள். கடிப்பானைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாமே தவிர உறையவிடக் கூடாது என்பது அட்டையிலேயே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்ததைப் பிறகுதான் படித்தோம். இரண்டாவது சிக்கல் பொருளுடையது. நான்கு பற்கள் வந்த பின், ஒன்பதாம் மாதத்தில், இரு பாதிகளும் ஒட்டப்பட்டிருந்த விளிம்பில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, நீல நீர் அவள் மார்புத் துணியில் வட்டமாகப் பரவியிருந்தது. உள்ளே இருந்தது தூய்மையாக்கப்பட்ட நீர்தான் என்று அட்டை சொன்னது. இருந்தாலும் எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாமல் அன்று இரவு முழுவதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லில்லாத வாய்க்காகச் செய்த பொருளைப் பல் வந்த வாய் கடிக்கும்போது என்னவாகும் என்பதை அதைச் செய்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

இந்த இடத்தில் உலகப் புகழ் பெற்ற ரப்பர் ஒட்டகச்சிவிங்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே ‘சோஃபி வேண்டுமா?’ என்பதுதான். பிரான்சில் 1961ஆம் ஆண்டு மே 25 அன்று, புனித சோஃபியின் திருநாளில் பிறந்ததால் அந்தப் பெயர் பெற்ற பொம்மை அது. இயற்கை ரப்பரில் செய்யப்படுவது, ஏறத்தாழ 18 செ.மீ. உயரம், அழுத்தினால் கீச்சென்று ஒலிக்கும். நீண்ட கழுத்தும் கால்களும் சிறு கைகளுக்குப் பிடிப்பதற்கு மிகவும் வாகானவை. ஆயினும் அது கீச்சிடுவதற்கு உள்ளே வெற்றிடமும், காற்றுப் போக ஒரு துளையும் இருந்தாக வேண்டும். அதனாலேயே அதை நீரில் முக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே அறிவுறுத்துகிறார். எச்சில் ஒழுகும் குழந்தையின் வாயிலேயே நாள் முழுவதும் கிடக்கிற ஒன்றை, ஐப்பசி மழையில் துண்டுகூடக் காயாத ஊரில், உள்ளே ஈரம் சேராமல் பாதுகாப்பது என்னால் ஆகாத காரியம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது வேப்பமரக் கடிப்பான். சீமந்தத்துக்கு வந்த தோழி கொடுத்த பரிசு. பிளாஸ்டிக் வேண்டாம், மரமே நல்லது என்ற எண்ணம் இப்போது பரவியிருக்கிறது. நம் ஊருக்கு இது புதிதன்று. செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சியைக் குழந்தை கையில் கொடுத்து, அது கடித்தாலும் மருந்துதானே என்று விட்டுவிடுகிற வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக இருந்தது. என் மாமியார் வளர்ந்த வீட்டு மரப்பாச்சிக்கு இன்றும் ஒரு கையில் மணிக்கட்டுக்குக் கீழே பல் பதிந்த தடம் உண்டு. வேப்பமரக் கடிப்பானில் எனக்குப் பிடித்தது அதன் உறுதி: சிலிகானைக் கடிப்பதில் நிறைவு காணாத நாள்களில் அவள் இதைத்தான் தேடினாள். பிடிக்காதது பராமரிப்பு. கொதிநீரில் போட்டால் வெடிக்கும், ஊறவிட்டால் உப்பும். ஆகவே ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, பத்து நாளுக்கொருமுறை தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். இரண்டு மாதம் அதையும் செய்தேன். பிறகு விளிம்பில் மரநார் சிலிர்த்துக்கொண்டு நின்றது. கன்னத்தில் வைத்துத் தேய்த்தால் உறுத்தியது. உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்யலாம் என்றார் கணவர். இப்போது அது கூடையில் இருக்கிறது. எப்போதாவது கையில் கொடுத்து, கடித்து முடித்ததும் வாங்கி வைத்துவிடும் பொறுமை உள்ளவர்களுக்கு நல்ல பொருள்தான்.

இனி சிலிகான் வளையம். உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சோளக்கதிர் போல முண்டு முண்டாக இருக்கும். தடித்த பகுதி ஒரு புறமும் மெல்லிய பகுதி மறுபுறமும் இருப்பதால், ஐந்து மாதக் கையாலும் மெல்லிய பக்கத்தைப் பற்றிக்கொள்ள முடிந்தது. முதல் பல் வருவதற்கு முன் வழுவழுப்பான பக்கத்தை ஈற்றில் வைத்து அழுத்தினாள். பல் வந்த பின் முண்டுப் பக்கத்தை அரைத்தாள். நாளுக்கு ஒரு முறை சோப்பு நீரில் கழுவுவதும், வாரத்துக்கு இரு முறை கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுப்பதும் மட்டுமே வேலை. உள்ளே கூடில்லாததால் ஈரம் தங்க இடமில்லை. ஒட்டு இல்லாததால் பிரிந்து வர ஒன்றுமில்லை. அதே காரணத்தால் குளிர்ச்சியைப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்து வைப்பதில்லை என்பது உண்மை; அதனால்தான் இரண்டு வாங்கினேன், ஒன்று வாயில் இருக்கும்போது மற்றது சம்படத்தில் குளிரும்.

குறையில்லாத பொருள் என்று சொல்ல மாட்டேன். சிலிகான் சுற்றியிருக்கும் மணத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். முதல் வாரம் அதைத் திறந்தபடி தட்டில் வைத்திருந்தேன். முந்தைய நாள் மீந்த சாம்பாரின் பெருங்காய மணத்தோடு வெளியே வந்த வளையத்தை அவள் முகர்ந்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மூடிய சம்படம் வந்தது அப்போதுதான். வாசனை மிகுந்த பாத்திரச் சோப்பும் அதே காரணத்தால் ஆகாது. இன்னொரு தொல்லை, தரையில் விழுந்தால் முடியும் தூசும் அட்டை போல ஒட்டிக்கொள்வது. விழுந்ததை எடுத்து முந்தானையில் துடைத்துவிட்டுக் கொடுப்பது என்பது இந்தப் பொருளிடம் நடக்காது. குழாயடிக்குப் போயே ஆக வேண்டும். வாரம் ஒரு முறை இரு கைகளாலும் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பல் பட்ட இடத்தில் கிழிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை இல்லை. விட்டால் அன்றே தூக்கிப் போட வேண்டியதுதான். கடித்துத் துண்டாக்கிய சிலிகான் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பழத்தை உள்ளே வைத்துக் கடிக்கக் கொடுக்கும் சூப்பான் வகை ஒன்று இருக்கிறது. அதில் வலைத்துணி வைத்ததை வாங்காதீர்கள். வாழைப்பழம் வைத்த ஒரு முறையே போதும், அந்த வலையின் கண்களிலிருந்து பழத்தை எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். துளையிட்ட சிலிகான் கிண்ணம் உள்ளது பரவாயில்லை. ஆறு மாதம் நிறைந்து திட உணவு தொடங்கிய பிறகு, குளிரவைத்த வெள்ளரித் துண்டை அதில் வைத்துக் கொடுத்தால் கால் மணி நேரம் அமைதி கிடைக்கும். கேரட்டையோ ஆப்பிளையோ வெறுங்கையில் கொடுப்பது முதல் பற்கள் வந்த பின் ஆபத்தானது, ஏனெனில் கடித்தெடுக்கப் பல் இருக்கும், மென்று கூழாக்கக் கடைவாய்ப்பல் இருக்காது. தேனைத் தொட்டுக் கொடுக்கச் சொல்கிறவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தைக் குடலில் பெருகி பொட்டுலிசம் என்னும் கொடிய நஞ்சேற்றத்தை உண்டாக்க வல்லவை.

மருந்துக்கடையில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு, இருபது நிமிடமாக அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபோது, நான் கேட்காமலேயே ஒரு ஜெல் குழாயை எடுத்து மேசையில் வைத்த இளைஞர், “எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்கக்கா, ஈறுல தடவுங்க, பாப்பா தூங்கிடும்” என்றார். வாங்கி வந்து வெளிச்சத்தில் படித்தேன்: கோலின் சாலிசிலேட். இது ஆஸ்பிரினின் குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் வரக்கூடும் என்பதனால், வாயில் தடவும் சாலிசிலேட் ஜெல்களை 16 வயதுக்குட்பட்டோருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2009இலேயே அறிவித்துவிட்டது. மரத்துப்போகச் செய்யும் மற்ற ஜெல்களின் கதையும் இதைவிட மேலானதன்று. பென்சோகேன் உள்ளவற்றை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடக்கூடும். லிடோகேன் கரைசலுக்கு அதே அமைப்பு 2014இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. இத்தனைக்கும் பலன் என்ன? ஒழுகுகிற எச்சிலில் தடவிய ஜெல் சில நிமிடங்களில் கரைந்து வயிற்றுக்குள் போய்விடுகிறது. அந்தக் குழாய் திறக்கப்படாமலே கூடைக்குள் கிடக்கிறது. கடையில் கிடைப்பதெல்லாம் பாதுகாப்பானது என்று நம்பிய தலைமுறைகள் முன்பும் இருந்தன: இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டனில் விற்ற பல் முளைப்புப் பொடிகளில் பாதரச உப்பு கலந்திருந்தது, கை கால்கள் சிவந்து வலிக்கும் ஒரு நோய் அங்கே குழந்தைகளை வாட்டியது, 1954இல் அந்தப் பொடிகள் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட பின் அந்த நோயும் ஏறத்தாழ மறைந்தே போனது.

கழுத்தில் போடுபவற்றையும் நான் ஏற்கவில்லை. அம்பர் என்னும் இறுகிய மரப்பிசின் மணிமாலை வலியை உறிஞ்சும் என்று இணையக் கடைகளில் விற்கிறார்கள். அதை அணிந்து உறங்கிய ஒன்றரை வயதுக் குழந்தை கழுத்து இறுகி இறந்த நிகழ்வையும் குறிப்பிட்டு, அத்தகைய மாலைகளும் வளையல்களும் வேண்டாம் என்று 2018 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. நம்முடைய வசம்பு வளையல் இந்த விஷயத்தில் என் மாமியாருக்கும் எனக்கும் இடையே நீண்ட பேச்சாக இருந்தது. பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் பெற்ற பொருளை நான் மறுத்தது அவருக்கு வருத்தம். ஆனால் எதையும் வாயில் வைக்கிற வயதில் கையில் கட்டிய மணி கடிப்பானாகத்தான் மாறும், நூல் அறுந்தால் மணி தொண்டைக்குள் போகும். தவிரவும் வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968 முதல் அதை உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. கடைசியில் வசம்பைத் தொட்டிலின் மேல்கட்டில், அவள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டினோம். இருவருக்கும் சம்மதம்.

பல் முளைக்கும் காய்ச்சல் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் எந்தக் கடிப்பானும் காய்ச்சலைத் தீர்க்காது. எட்டாம் மாதத்தில் 103 டிகிரி காய்ச்சலோடு அவள் துவண்டபோது, மேல்பல் வருகிறது என்று சொல்லி ஒரு நாளைக் கடத்திவிட்டோம். மருத்துவர் பார்த்ததும் காதில் சீழ் பிடித்திருப்பதைச் சொன்னார். 2000ஆம் ஆண்டு பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், 125 குழந்தைகளின் பெற்றோர் நாள்தோறும் குறித்து வைத்ததைப் பார்த்தார்கள். கடித்தல், எச்சில் ஒழுகுதல், ஈறு தேய்த்தல், சிடுசிடுப்பு, காதைத் தேய்த்தல், உடல் சற்றே சுடுதல் ஆகியவை பல் வருவதோடு தொடர்புடையவையாகவும், 102 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வாந்தியும் தொடர்பற்றவையாகவும் தெரிந்தன. தாங்க முடியாத இரண்டு இரவுகளில் மட்டும், மருத்துவர் எடைக்கேற்பக் கணக்கிட்டுச் சொன்ன அளவில் பாராசிட்டமால் சொட்டு கொடுத்தோம். மற்ற இரவுகளில் கைகொடுத்தது காசில்லாத பொருள்: அந்த வேட்டித் துணி. நனைத்துப் பிழிந்து, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, சம்படத்தில் குளிரவைத்து, மடியில் படுத்திருக்கும் அவள் வாயில் முடிச்சை வைத்து மறுமுனையை நான் பிடித்துக்கொள்வேன். துணியின் நெசவு ஈற்றைத் தேய்க்கும், உறிஞ்சினால் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு இறங்கும். வளையத்துக்கு அடுத்த இடத்தை இதற்குத்தான் கொடுப்பேன்; தூக்கத்தில் வளையம் நழுவி விழுந்து எழுப்பிவிடும், துணி எழுப்பாது. தூங்கியதும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 சனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பொம்மை வடிவில் விற்கும் கடிப்பானின் பெட்டியில் அந்த முத்திரை இல்லாவிட்டால், அல்லது பெட்டியே இல்லாமல் நெகிழிப் பையில் தொங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுங்கள்.

முதல் பல் தெரிந்த வாரத்தில், யாழ்ப்பாணத்துக்காரரான என் ஓரகத்தி பல்லுக்கொழுக்கட்டை அவித்தார். தேங்காய்ச் சொட்டுகளைப் பல் வரிசை போல விளிம்பில் குத்தி வைத்த கொழுக்கட்டைகளைக் குழந்தையின் தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து அதன்மேல் கொட்டினோம். மடியில் உருண்டு விழுந்த ஒன்றை அவள் பாய்ந்து பிடித்து வாய்க்குக் கொண்டு போனாள். தேங்காய்ச் சொட்டைப் பிடுங்கிவிட்டு, கையில் வளையத்தைத் திணிக்க வேண்டியதாயிற்று. அன்று எடுத்த படத்தில் எல்லோரும் பட்டு உடுத்தியிருக்க, அவள் வாயில் பச்சை நிற சிலிகான் வளையம்.

இப்போது ஆறு பற்கள் இருக்கின்றன. அடுத்து வர வேண்டியவை முதல் கடைவாய்ப்பற்கள், அவை பெரும்பாலும் 13 முதல் 19 மாதங்களுக்குள் வரும்; இந்த வளையத்தின் விளிம்பு அவ்வளவு பின்னால் எட்டாது என்பதை விரலால் அளந்தே பார்த்துவிட்டேன். நீண்ட காம்புள்ள, இதே போல உள்ளே கூடில்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.